சேவுகன் கையில் கொடுத்தனுப்பியது

காரைக்குடி,
19-3-1967

அன்பு மகன் ஏகப்பனுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகம்.

இதைத் தபாலில் போடவில்லை. பட்டாளத்துக்கு வரும் கடிதத்தைப் பிரித்துப் படிப்பார்களாம். அதனால் லீவு முடிந்து மிசோ மலைக்குத் திரும்பும் உன் பட்டாளத்துக் கூட்டாளி சேவுகன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு. அம்மா செய்த சீப்புச் சீடையும் அவனிடம் இருக்கிறது. வழியில் அவன் தின்றதுபோக மிச்சம் உனக்கு.

நம் கட்சி ஆட்சிக்கு வந்துவிட்டது. நம் சைக்கிள் கடை வாசலில் போட்ட வெடியில் ஒரு டயர் எரிந்தது. எனக்கும் மாலை போட்டார்கள். தனி நாடு கேட்டு நான் கத்தாத தெருமுனை இந்த ஊரில் உண்டா? நாலு வருஷத்துக்கு முன், பிரிவினை கேட்கக் கூடாதென்று சட்டம் வந்ததும் தலைவர்களே அதைக் கைவிட்டார்கள். கடைப் பலகையில் இருந்த ‘திராவிட நாடு’ என்ற பெயரை நானே பெயிண்டு அடித்து மறைத்தேன். அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனாலும் யாரும் நம் வீட்டைக் கொளுத்தவில்லை. மறுநாள் வழக்கம்போலக் கடை திறந்தேன்.

சேவுகன் கொண்டுவந்த உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து மனசு சரியில்லை. அந்த மலை ஜனங்களை ரோட்டோரத்துக்குக் குடிமாற்றிவிட்டு, காலி வீடுகளுக்குத் தீ வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். ஒரு வீட்டில் தாயும் பிள்ளையும் ஒளிந்திருந்ததும், நீங்கள் இந்தியில் கத்தியது அவர்களுக்குப் புரியாததும், புகை கிளம்பி இருமல் கேட்ட பிறகுதான் அவர்களை வெளியே இழுத்துப் போட்டதும் படித்தேன். ‘நீங்கள் மேடையில் கேட்ட தனி நாட்டைத்தானே அப்பா இவர்களும் கேட்கிறார்கள், நான் என்ன செய்யட்டும்’ என்று கேட்கிறாய்.

என்னத்தைச் சொல்வேன்? செய்யாதே என்றால் உன்னை ஜெயிலில் போடுவார்கள். செய் என்று எழுதக் கை வரவில்லை. கட்சி ஆபீசில் போய்க் கேட்டேன். பட்டாளம் டெல்லி விவகாரம், நம் கையில் இல்லை அண்ணே என்று சொல்லி, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

அம்மாவிடம் பாதிதான் சொன்னேன். அங்குட்டு உள்ளவுகளும் பிள்ளைகுட்டிக்காரவுகதானே, அவுகளை ஏன் வெரட்டுறாக என்று அழுதாள். கொப்புடையம்மன் கோயிலுக்குப் போனாள். நானும் கூடப் போனேன். உள்ளே போகவில்லை, அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன்.

இந்தி வேண்டாமென்று நான் முதுகில் அடி வாங்கிய வருஷமே நீ பட்டாளத்தில் சேர்ந்தாய். சீக்கிரமே இந்தி பேசக் கற்றுக்கொண்டாய். அதில் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அதே மாதிரி, அந்த ஜனங்களின் பாஷையில் ‘வெளியே வாருங்கள்’ என்பதற்கு என்ன சொல்வார்கள் என்று யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள். உடம்பைப் பார்த்துக்கொள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிடு. கூப்பிட்ட பிறகு, உள்ளே இருமல் கேட்கிறதா என்று கொஞ்சம் நின்று பார், ராசா.

உன் அப்பா,
அழகுசுந்தரம்