மயில்சாமி அண்ணன் லாரிக் கண்ணாடி

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி தணிந்ததா? நான் சுகம். புனே குளிர் பழகிவிட்டது.

நான் வாங்கிய ஸ்டிக்கர் வெட்டும் மிஷினுக்கு முதல் வேலை வந்துவிட்டது! இங்கே லோடு இறக்க வந்த நம் சங்ககிரி லாரி டிரைவர் மயில்சாமி அண்ணன், மகள் பிரவீனாவின் பெயரை முன்கண்ணாடிக்குக் கேட்டார். நானே எழுத்தை வரைந்தேன். கத்தி சுழித்துச் சுழித்து ஓடியதும் தனியாகக் கைதட்டினேன்.

வெயிலில் உரியாதிருக்க உள்பக்கம் ஒட்டினோம். இறங்கிப் பார்த்தால், வெளியிலிருந்து எழுத்தெல்லாம் இடவலம் மாறித் தெரிந்தது. திருப்பி வெட்ட மறந்திருக்கிறேன். அழுகையே வந்தது. உரிக்கப் போனேன்.

"போச்சாது, உடுங்க அம்மணி. ரோட்டுல போறவனுக்கா பேரு? ஓட்டற நானுங்க படிக்கோணும்!" என்றார் அண்ணன். இன்னும் இரண்டு லாரிக்காரர்களை அனுப்புகிறாராம்!

வெள்ளைத்தாளில் உங்கள் கையை விரித்து வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்புங்கள். அதே அளவில் வெட்டி, என் அறைக் கதவின் உள்பக்கம் ஒட்ட வேண்டும். அப்பா கையும். தபால் எடுக்க வந்துவிட்டார்கள்.

தனப்பிரியா