'ஆறுதல்' போத்தலில் இருந்த என் முகம்

என் அன்பு ஜுனைதீன் நானாவுக்கு,

மூதூரில் உங்களை அடக்கிய மண் இந்த மாரியில் நன்றாக நனைந்திருக்கும். இங்கே திருகோணமலையில் மழை விட்டு மூன்று நாளாகிறது. காலையில் துறைமுகத்தின் மேல் ஒரு வெள்ளைப் பனிப்புகார் படுத்துக் கிடக்கிறது. வாசலில் நின்று பார்த்தால் கப்பல்கள் தண்ணீரில் நிற்கின்றனவா, வானத்தில் நிற்கின்றனவா என்று தெரிவதில்லை. இப்படியான காலையில் உங்களோடு கதைக்க வேண்டும் போலிருக்கிறது. ஒரு விஷயம் நடந்துவிட்டது, நானா. அதை உங்களுக்குச் சொல்லாமல் இருக்க என்னால் ஏலாது.

இதை வாசிக்கப்போகிற மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் மூதூர் இறங்குதுறைக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தவர். ஓமம், சுக்கு, பெருஞ்சீரகம், புதினா எல்லாம் காய்ச்சி வடித்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த ஓட்டுக் கொட்டிலில் ஒரு வயிற்று மருந்து செய்தீர்கள். அதற்கு 'ஆறுதல்' என்று பெயர் வைத்தீர்கள். செமியாக்குணம், வாயு, புளியேப்பம், வயிற்றுப் பொருமல் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பச்சைப் போத்தல்தான். மூதூரில் இருந்து வெருகல் வரைக்கும் அது இல்லாத குசினி குறைவு. அந்தப் போத்தலின் லேபிளில் சிரித்துக்கொண்டிருந்த பெண் நான்.

அந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? நான் டவுனில் ஒரு ஸ்டூடியோவில் படங்களுக்கு மை தொட்டுத் திருத்துகிற வேலை செய்துகொண்டிருந்தேன். நீங்கள் மூதூரில் இருந்து லோஞ்சுப் படகில் வந்து இறங்கி, ஒரு கலண்டரில் இருந்த நடிகையின் படத்தைக் காட்டி, இதைப்போல ஒரு முகம் லேபிளுக்கு வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டீர்கள். நடிகையின் முகம் என்றால் பிறகு பிரச்சினை வரும் என்று அவர் மறுத்துவிட்டார். நீங்கள் போகத் திரும்பியபோது மூலையில் குனிந்திருந்த என்னைப் பார்த்தீர்கள்.

"தங்கச்சி, உங்கட முகத்தப் பாத்தா வயிறு ஆறின ஆளின்ட முகம் மாதிரி இருக்கு" என்றீர்கள்.

அன்று காலை நான் வெறும் தேத்தண்ணீரோடு வந்திருந்தேன். சண்டையில் ஊர் விட்டு ஓடி வந்த சொந்தக்காரர் பத்துப் பேர் எங்கள் வீட்டில் இருந்த காலம் அது. இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்தப் பசியோடுதான் வெளிச்சத்துக்கு முன்னால் இருந்து சிரித்தேன். படம் எடுத்து முடிந்ததும் வெளியே போனீர்கள். திரும்பி வந்து ஒரு ரொட்டிப் பார்சலை என் மேசையில் வைத்துவிட்டு, லோஞ்சுக்கு நடந்தீர்கள். நான் சாப்பிடவில்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதைக் கேட்கத் தோன்றவில்லையே.

அதற்குப் பிறகு நீங்கள் எனக்கு அண்ணன், நான் உங்களுக்குத் தங்கச்சி. போத்தலில் இருந்தவளுக்கு மட்டும் வயதே போகவில்லை. எனக்குத் தலை நரைத்தது, கண்ணாடி வந்தது, முழங்கால் பிடித்தது. தோப்பூர்ச் சந்தையில் ஒரு கடைத் தட்டில் அவள் வரிசையாக நின்று சிரிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நான் வெங்காயம் வாங்கியிருக்கிறேன். ஒருவரும் என்னை அடையாளம் காணவில்லை. சில மத்தியானங்களில் கண்ணயரும்போது, நான் போகாத ஊர்களின் குசினிகளில் நான் நிற்கிறது போல இருக்கும். யாரோ கறி தாளிக்கிறார்கள், யாரோ பிள்ளையை ஏசுகிறார்கள், நான் யன்னல் கட்டின் மேல் இருந்து எல்லாவற்றையும் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அது எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்லத்தானே வேண்டும்.

நீங்கள் போய் எட்டு மாதத்தில், என் மச்சாளின் மகன் ஈச்சிலம்பற்றில் புதுவீடு குடிபுகுந்தான். நானும் போயிருந்தேன். பால் காய்ச்சி முடிந்து, பந்திக்கு இலை போட்டுக்கொண்டிருந்த நேரம், உதவிக்கு வந்திருந்த பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஐம்பது வயது இருக்கும். சட்டைக்குள் உடம்பு இல்லாதது போல மெலிந்திருந்தாள். பெயர் சிவமணி என்று பிறகு அறிந்தேன். கிட்ட வந்து, லேபிள் படத்திலும் இருக்கிற என் நாடி மச்சத்தைப் பார்த்தாள்.

"அக்கா, நீங்கள்தானே அது?" என்றாள்.

என் கையைப் பிடித்துத் தன் வீட்டுக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். யன்னல் கட்டின் மேல் ஏழு வெறும் போத்தல்கள், ஒரு பாதிப் போத்தல். எல்லாவற்றிலும் நான். வெயில் பச்சைக் கண்ணாடிக்குள்ளால் வந்து சுவர் முழுக்க ஆடிக்கொண்டிருந்தது. தண்ணீருக்கு அடியில் நிற்கிறது போல இருந்தது எனக்கு. அவள் கதவைச் சாத்திவிட்டு, மணைக்கட்டையில் குந்திக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

ஆறு மாதமாகச் சாப்பாடு நெஞ்சுக்குக் கீழே வந்து நின்றுவிடுகிறதாம். முதலில் எரிவு, பிறகு நோவு, இப்போது சாப்பிட்டது வெளியே வந்துவிடுகிறதாம். சட்டையை ஊசி குத்திச் சிறிதாக்கிப் போட்டிருந்தாள். மூத்த மகளுக்குக் கலியாணம் பேசி நாளும் வைத்தாகிவிட்டது. அந்த நேரத்தில் தாய் படுத்தால் எல்லாம் குழம்பிவிடும் என்று மனுசனுக்கும் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கும் சொல்லவில்லை. நோ வரும்போது போத்தலை எடுத்து ஒரு மூடி குடித்துவிட்டு, லேபிளில் இருந்த என்னோடு கதைப்பாளாம்.

"ஆருக்கும் சொல்லேல்ல அக்கா. உங்களோட எண்டா ஒவ்வொரு நாளும் கதைக்கிறனான்" என்றாள். பிறகு கேட்டாள்: "நீங்கள் எத்தின நாள் குடிச்ச பிறகு உங்களுக்குச் சுகமானது?"

பக்கத்து வீட்டில் பந்திக்குக் கூப்பிடுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தபோது சமாளிக்க வாய் வரவில்லை.

"நான் ஒரு துளி குடிச்சதில்ல, சிவமணி. எனக்கு வயித்து நோ வந்ததே இல்ல. படத்துக்குத்தான் சிரிச்சனான்."

அவள் கோபப்படவில்லை. போத்தலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப எனக்கு என்ன?" என்று கேட்டாள்.

தெரியாது என்றேன். அதைத் தெரிந்தவர்களிடம் போக வேண்டும், நாளைக்கே என்னோடு வா என்றேன். அன்று பின்னேரமே அவள் மனுசனையும் பிள்ளைகளையும் இருத்தி விஷயத்தைச் சொன்னோம். வயலும் தோணியும் என்று ஓடித்திரிகிற மனிதர் அவர். படியில் குந்தி, தலையைக் குனிந்துகொண்டு, எனக்கெண்டாலும் சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். கலியாணத்தைத் தள்ளி வைப்போம் என்று முதலில் சொன்னது அந்த மூத்த மகள்தான்.

ஆஸ்பத்திரியில் வாய்க்குள்ளால் குழாய் விட்டுப் பார்க்கிற சோதனைக்குத் திகதி கிடைக்கும் வரைக்கும் சிவமணி என் வீட்டில் தங்கினாள். காலையில் இரண்டு பேரும் கடற்கரை வரைக்கும் மெதுவாக நடப்போம். அவள் கப்பல்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். இதுக்குள்ள இருக்கிற ஆக்கள் என்ன சாப்பிடுவினம் என்று ஒருநாள் கேட்டாள். சாப்பாட்டைப் பற்றியே யோசிக்கிறாள் என்று அப்போதுதான் விளங்கியது.

இரைப்பையில் ஒரு வளர்ச்சி. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் கையை விரித்திருப்போம் என்று டொக்டர் சொன்னார். சத்திரசிகிச்சை செய்து இரைப்பையின் பெரும்பகுதியை எடுத்தார்கள். அன்று ஒப்பரேஷன் தியேட்டர் வாசலில் அவள் மனுசனும் நானும் ஆறு மணித்தியாலம் ஒரே மர வாங்கில் இருந்தோம். அவள் கண் விழித்தபோது முதலில் தேடியது தன் மகளை.

அவள் தப்பிவிட்டாள் என்று நிச்சயமான பிறகுதான் எனக்கு உங்களில் கோபம் வந்தது. செத்த மனிதரோடு கோபிக்கிறது எவ்வளவு கஷ்டம். கப்ரடியில் வந்து நின்று ஏசவா? பேசாமல் பஸ் எடுத்து மூதூருக்குப் போய், இப்போது மருந்தைச் செய்கிற உங்கள் மகள் றிஸ்வானாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கை வேலையை விட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வாப்பா கடையில குடுக்கக்குள்ள எல்லாருக்கும் சொல்லுவாங்க மாமி. மூணு நாளைக்கு மேல நோ இருந்தா என்ட கடைக்கு வராதீங்க, டொக்டரிட்டப் போங்க எண்டு."

என் கோபம் பாதியில் நின்றுவிட்டது. கடைக்கு வந்தவர்களுக்குச் சொன்னீர்கள். சாமான் வானில் ஏறி ஈச்சிலம்பற்றுக்குப் போன போத்தலோடு போய் அதைச் சொல்ல யார் இருந்தார்கள்? நீங்கள் அதை யோசிக்கவில்லையா? நானும்தான் யோசிக்கவில்லை. பெருநாள் சாப்பாட்டுக்குப் பிறகு உங்கள் மருந்தால் சுகம் கண்டவர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. சிவமணிக்கு வேறொன்று தேவைப்பட்டது. அதைச் சொல்லவேண்டிய இடத்தில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சை லேபிளிலேயே போடு என்றேன்; லேபிள் சின்னது என்று றிஸ்வானா தயங்கினாள். நீங்கள் சொன்னதைக் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தில் போடுவதென்றால் இடம் இல்லை என்றாள். எந்த இடம் இருக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். படத்தை எடு என்று நான்தான் சொன்னேன். வாப்பா ஆசைப்பட்டு வைத்த படம் மாமி என்று அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். முகத்துக்காகவும்தான், உங்களுக்காகவும்தான்.

கொட்டிலில் இருந்த பழைய போத்தல்களுக்கு நாங்கள் இரண்டு பேரும் ஒரு கிழமை இருந்து புது லேபிள் ஒட்டினோம். நோ மூன்று நாளைக்கு மேல் போனால், சாப்பாடு இறங்காவிட்டால், உடம்பு மெலிந்தால் மருத்துவரிடம் போங்கள் என்று தமிழிலும் சிங்களத்திலும் அதில் இருக்கிறது. என் இளமை ஒவ்வொன்றாகக் கடதாசிக்குள் மறைந்தது. ஓமத்தின் வாசத்தில் தலை லேசாகச் சுற்றியது. நித்திரைக்கும் விழிப்புக்கும் இடையில் யாரையோ வழியனுப்புகிறது போல இருந்தது. கடைத்தட்டுகளில் இருந்தவற்றையும் றிஸ்வானா வான் அனுப்பித் திருப்பி எடுத்துவிட்டாள். உங்கள் மகள் நல்ல பிள்ளை, நானா.

சிவமணி இப்போது ஈச்சிலம்பற்றில் வீட்டோடு இருக்கிறாள். ஒரு நாளைக்கு ஆறு தரம், கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுகிறாள். மகளின் கலியாணம் வைகாசியில். புது லேபிளைப் பற்றிச் சொன்னபோது, அப்ப இனி நான் ஆரோட கதைக்கிறது என்று கேட்டாள். என் ஃபோன் நம்பரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து காலைச் சாப்பாடு முடிந்ததும் எனக்கு ஃபோன் எடுக்கிறாள். இன்றைக்கும் எடுத்தாள்.

"ஒரு கைப்பிடி புட்டும் சொதியும் அக்கா. வயித்தில இருந்திட்டுது" என்றாள்.

அடுத்த மாதம் அவளுக்குக் கிளினிக். அதற்குப் பிறகும் வருடக்கணக்காக வர வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் இருப்பேன். அவள் என்ன கேட்டாலும், தெரிந்ததைத் தெரியும் என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லுவேன். உங்களுக்கு இந்த வாக்கைத் தருகிறேன், நானா.

உங்கள் கூடப்பிறக்காத தங்கச்சி,
யோகராணி