பல்சக்கரத்தில் விழுந்த விபூதி

காரைக்குடி
26.10.1977

அன்பு மகன் இராமுவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம், சிங்கப்பூரில் நீயும் சுகமாயிருக்கப் பிள்ளையார்பட்டிப் பிள்ளையார் துணை. தேவகோட்டையில் அக்கா விசாலத்துக்கு வந்த காய்ச்சல் தணிந்துவிட்டது. ஆனால் இந்தக் கடிதம் வேறு காரியத்துக்கு. விமானத் தபால் என்பதால் கப்பலுக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும் என்றார்கள். கப்பலில் வரும் ரேடியோ காரை, அந்தப் பந்தயப் பொம்மைக் காரை, நீ பிரித்துப் பார்க்கும் வரை உன் முதலாளி அதை ஓட்டக் கூடாது. அவரே துறைமுகத்தில் வாங்கி மறுநாளே பந்தயத்தில் விடுவார் என்று நீ எழுதியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

பின் அச்சு சுழலும் பித்தளை வளையம், அந்த புஷ், செய்யச் சொல்லி, லீவில் வந்த நீ முதலாளியின் காரை என்னிடம் வைத்துவிட்டுப் போனாய், அதைச் செய்துவிட்டேன். நீ எழுதிவைத்த தாளின்படி அச்சுக்குத் தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு, பல்சக்கரத்துக்கு வெள்ளைக் கிரீஸ் தீக்குச்சி முனையளவு, மோட்டாருக்குள் எதுவும் இல்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆயுத பூஜையன்று அரம், சாமணம், தராசு எல்லாவற்றையும் துடைத்து அடுக்கினேன். மேல்மூடி கழற்றியிருந்த காரையும் அம்மா கொண்டுவந்து வைத்து, "ஏங்க, அம்புட்டுச் சாமானுக்கும் விபூதி வச்சீக, புள்ளை வண்டிய மட்டும் விட்டுட்டா அது கோவிச்சுக்கிறாதா" என்றாள். நானும் யோசிக்காமல் விபூதியை அள்ளிப் பூசினேன், அது பல்சக்கரத்தில் உதிர்ந்ததைக் கவனிக்கவில்லை. மறுநாள் விஜயதசமி. பூஜையில் வைத்த ஆயுதத்தை எடுத்துக் கொஞ்சமாவது வேலை செய்யவேண்டும் என்பது நம் வழக்கம், உனக்குத் தெரியும். காரையும் சக்கரம் தரையில் படாமல் தூக்கிவைத்துப் பத்து நிமிடம் ஓடவிட்டேன். கரகரவென்று சத்தம் வந்து நின்றது. குனிந்து பார்த்தால் கிரீஸ் கறுத்துக் கிடந்தது, பெரிய நைலான் சக்கரத்தின் பல் பாதிக்கு மேல் தேய்ந்திருந்தது. சாம்பல் போட்டு நகை துலக்குகிறவன் நான், எண்ணெயில் சாம்பல் சேர்ந்தால் எதையும் அரைக்கும் என்று எனக்குத் தெரியாதா? கை வழக்கத்தில் பூசிவிட்டேன். காரை அங்கே கொண்டுவரப்போகிற பக்கத்து வீட்டுச் சத்தியமூர்த்தி, "விபூதி பூசுனதும் வண்டி சாமியாராப் போயிருச்சு போல மாமா, அசைய மாட்டேங்குது" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மண்ணெண்ணெயில் எல்லாவற்றையும் கழுவினேன். மோட்டாரையும் ரேடியோப் பெட்டியையும் நனையாமல் தனியாகக் கழற்றிவைத்தேன். பித்தளைத் தகட்டில் கவராயத்தால் அளந்து நாற்பத்தெட்டுப் பல்லும் அரத்தால் அராவி எடுத்தேன், நான்கு நாள் ஆனது. புதிய சக்கரம் பொருந்துகிறது, ஓடுகிறது, ஆனால் கணீரென்று சத்தம் போடுகிறது. பித்தளையின் கனத்தில் மோட்டார் சூடாகிறது. நீண்ட ஓட்டத்துக்குத் தாங்காது என்பது என் கணிப்பு. கிரீஸ் புதிதாக வைத்து, மெதுவாக ஐந்து நிமிடம் ஓட்டி, மோட்டாரைத் தொட்டுப் பார். நைலான் சக்கரம் அங்கே கிடைத்தால் மாற்றிவிடு. தேய்ந்துபோன சக்கரத்தைத் தாளில் மடித்துப் பெட்டியிலேயே வைத்திருக்கிறேன், அதை முதலாளியிடம் காட்டி நடந்ததைச் சொல்.

அவரிடம் சொல்வதற்கு அம்மா சம்மதிக்கவில்லை. "ஓடுதுல்ல, பேசாம இருங்க, புள்ளை பொழப்புல மண்ணள்ளிப் போட்டுறாதீக" என்கிறாள். மூன்று வருடம் கடை பெருக்கிய பிறகுதான் உனக்குப் பழுது பார்க்கும் மேசை கிடைத்தது, அது போய்விடும் என்று அவள் பயப்படுவது நியாயம்தான். எனக்கும் அதே பயம். ஆனால் சொல்லாமல் பந்தயத்தில் வண்டி நின்றால் அது உன் கைவேலை ஆகிவிடும். இப்போதே சொன்னால் அது என் கைவேலை. பழியை இங்கேயே இறக்கிவை. அவர் வேலையை விட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும், இங்கே என் பட்டறையில் உனக்கு இடம் இருக்கிறது.

சத்தியமூர்த்தி காரோடு இன்று சாயங்காலம் நாகப்பட்டினம் பஸ் ஏறுகிறான், வெள்ளிக்கிழமை கப்பல். வேளைக்குச் சாப்பிடு, கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. மீனாட்சி சொக்கர் அருளால் தீர்க்காயுசாக இரு. முதலாளியிடம் சொன்ன அன்றே, "சொல்லிவிட்டேன்" என்று மட்டும் ஒரு தந்தி அடி. அவர் என்ன சொன்னார் என்பதைக் கடிதத்தில் எழுதினால் போதும்.

உன் அப்பா,
ஆண்டியப்பன்