காய்ச்சல் அட்டையில் ஒரு கார்

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை இன்சூரன்ஸ் தாளைத் தேடி கார் டேஷ்போர்டைத் திறந்தேன். வண்டியை வாங்க வருகிற ஆளுக்குக் காட்ட வேண்டும் என்று. கையில் வந்தது உங்கள் காய்ச்சல் அட்டைக் கட்டு. எஸ்டேட் ஆஸ்பத்திரியில் கட்டில் கால்மாட்டில் தொங்கவிடுவீர்களே, கட்டம் போட்ட அதே அட்டை. பாதியில் மளிகைச் சாமான் எழுதித் தீர்த்திருந்தீர்கள், மீதி வெள்ளையாக இருந்தது. உங்கள் தைல வாசனை இன்னும் போகவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது. நான் கம்பத்திலிருந்து ஓட்டி வர, நீங்கள் கூடலூரில் ஏறிக்கொள்ள, ஒன்பது வருஷம் குமுளி மலை ஏறிய வண்டி இது. என்ன நோவு என்றே தெரியாமல் எவரிடமோ தள்ளிவிடுவதா?

நோவு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் கண்ணை மூடிய மூன்றாம் மாதம் வண்டி நின்ற இடத்தில் நடுங்க ஆரம்பித்தது. தேனியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஈ.ஜி.ஆர். வால்வில் கரி அடைத்திருக்கிறது என்று அதை மாற்றினார்கள். வெளியே போகிற புகையில் கொஞ்சத்தைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்புகிற வால்வாம். நீங்கள் இருந்திருந்தால், "கக்குனதத் திரும்ப முழுங்குனா வயிறு என்னத்துக்கு ஆகும்?" என்று கேட்டிருப்பீர்கள்.

நடுக்கம் நின்றது. ஆனால் அதற்குப் பிறகு மலை ஏறினால் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. கொண்டை ஊசி வளைவில் நான் முக்கிக்கொண்டு நிற்க, பின்னால் எஸ்டேட் ஜீப்புகள் வரிசையாக ஹாரன் அடிக்கும். எஞ்சினை அணைத்துப் போட்டால் நகரும், அடுத்த வளைவில் மறுபடி படுக்கும். தேனிக்குக் கொண்டுபோனாலோ சமதரையில் சமர்த்தாக ஓடும். வால்வை இன்னொரு தடவை மாற்றினார்கள். கடைசியில் எஞ்சின் கம்ப்யூட்டரையே மாற்ற வேண்டும் என்றார்கள்.

"ஆள் சொல்லிருக்கேன், வெள்ளிக்கெழம வந்து பாப்பாக. நீ பஸ்ல போ," என்று எங்கள் வீட்டுக்காரர் முடித்துவிட்டார். குமுளிப் பள்ளிக்கூடத்துக்குப் பஸ்ஸில் போகலாம்தான். ஆனால் நீங்கள் உட்கார்ந்த சீட்டு பஸ்ஸில் இல்லையே.

அட்டையைப் பார்த்ததும் அந்த ஏலக்காய் எடுக்கிற பெண் ஞாபகத்துக்கு வந்தாள். ஒரு மழைநாள் சாயங்காலம், உங்களைக் கூட்டிப்போக ஆஸ்பத்திரியில் காத்திருந்தேன். வயிற்று வலி என்று மூன்று வாரமாக மாத்திரை தின்றும் கேட்கவில்லை என்றாள். "எப்ப வலிக்குது? குனிஞ்சாலா, நிமுந்தாலா? வீட்டுல வலிக்குதா, காட்டுல வலிக்குதா?" என்று போலீஸ்காரர் மாதிரி குடைந்தீர்கள். காட்டில் மட்டும், சரிவில் ஏறும்போது மட்டும் என்றாள். அவள் இடுப்பில் பையைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்து, இரண்டு விரல் போகிற அளவுக்குத் தளர்த்திக் கட்டிவிட்டீர்கள். "வயிறு நல்லாத்தான் இருக்கு ஆத்தா. கட்டுதான் இறுக்கம்."

"இதுக்கா மதினி நர்ஸுக்குப் படிச்சீக?" என்று வண்டியில் கேட்டேன். மலையடிவாரத்து லோயர் கேம்ப் வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தீர்கள்.

திங்கட்கிழமை ஒரு வெள்ளை அட்டையை எடுத்தேன். நோயாளி பெயர் என்ற இடத்தில் வண்டி நம்பரை எழுதினேன். விளக்கு எரியும்போதெல்லாம் ஓரங்கட்டி நிறுத்தி, எந்த இடம், எந்த கியர், ஏற்றமா இறக்கமா என்று குறித்தேன். நாலு நாள் கட்டங்களும் நிறைந்துவிட்டன. இறக்கத்தில் ஒரு தடவைகூட எரியவில்லை. ஏற்றத்தில், இரண்டாவது கியரில், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறபோது மட்டும் எரிந்தது.

வியாழன் சாயங்காலம் கம்பத்து மெக்கானிக்கிடம் அட்டையை நீட்டினேன்.

"என்ன டீச்சர், வண்டிக்குக் காய்ச்சலா?" என்று சிரித்தார்.

"வீட்டுல வலிக்கல தம்பி. காட்டுல ஏறுனாத்தான் வலிக்குது."

அட்டையை மறுபடி பார்த்தார். சிரிப்பு நின்றது. "மிதிச்சா எஞ்சின் சாயும்ல," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு பானெட்டைத் திறந்தார். ஹேண்ட்பிரேக் போட்டு, கியர் போட்டு, பாதி கிளட்ச்சில் என்னை ஆக்ஸிலரேட்டரை மிதிக்கச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, மஞ்சள் விளக்கு எரிந்தது. "அப்படியே வைங்க டீச்சர்" என்றார். வால்வுக்குப் போகிற ஒயர் விண்ணென்று இழுத்துக்கொண்டு நின்றதாம். வால்வை மாற்றியவர்கள் அதை ஒரு பிளாஸ்டிக் டேக் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். மேல் உறை முழுசாக இருக்க, உள்ளே கம்பி அறுந்து தொட்டும் தொடாமலும் கிடந்தது.

"வால்வு நல்லாத்தான் இருக்கு தம்பி, கட்டுதான் இறுக்கம்," என்றேன். அவர் என்னை ஒரு தினுசாகப் பார்த்தார். டேக்கை வெட்டி, புது ஒயர் சேர்த்துக் கட்டினார். இரண்டு விரல் விட்டுப் பார்த்த பிறகுதான் பானெட்டை மூட விட்டேன்.

வெள்ளிக்கிழமை வாங்குகிற ஆள் வருவதற்கு முன்பே கிளம்பிவிட்டேன். ஒவ்வொரு வளைவிலும் வேண்டுமென்றே இரண்டாவது கியரில் மிதித்தேன். விளக்கு எரியவே இல்லை. பின்னால் வந்த ஜீப்புக்கு ஹாரன் அடிக்க வேலை வைக்கவில்லை. மேலே ஏறி நிறுத்தும்போது போன் அடித்தது.

"வந்தவுக காத்துக்கிட்டிருக்காக. வண்டி எங்கன?"

"குமுளியில. நோயாளிக்கு நல்லாயிருச்சு, விக்கிறதா இல்ல. அவுகளுக்கு டீயக் குடுத்து அனுப்புங்க."

அங்கே அவர் யாரிடமோ டீ போடச் சொல்வது கேட்டது. அப்புறம், "சரி, சாயங்காலம் பாத்து வா," என்றார்.

போனை வைத்துவிட்டு அட்டையை எடுத்தேன். வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் 'காய்ச்சல் இல்லை' என்று எழுதினேன். அதற்குக் கீழே 'நோயாளியைப் பார்த்தவர்' என்று ஒரு கோடு இருக்கிறதே, அதில் உங்கள் பெயரை எழுதினேன் மதினி. கையெழுத்து மட்டும்தான் என்னுடையது.