அனந்தபுரம் மாமனாரும் ரிசர்வ் வங்கியும்

விழுப்புரம்
9.6.2025

அன்புள்ள பிரியாவுக்கு,

நான் நலம். நீ நலமா என்று போனில் கேட்கலாம் என்றால் என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய். தபால்காரரைத் தடுக்க முடியாது என்பதால் உன் பள்ளிக்கூட முகவரிக்கே எழுதுகிறேன். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். சிவப்புப் பேனாவை எடுக்காமல் படி.

உன் அப்பா நம் மளிகைக் கடைக்கு வந்து சர்க்கரையும் டீத்தூளும் எடுத்துவிட்டு, ஒரு பை நிறையப் பத்து ரூபாய் நாணயத்தைக் கொட்டினார். "மாமா, இது இங்க செல்லாதுங்க" என்றேன். விழுப்புரத்தில் எந்தக் கடைக்காரன் வாங்குகிறான்? 'பத்து ரூபாய் காயின் வாங்கப்படாது' என்று கல்லா மேலேயே அட்டை தொங்குகிறது. அதற்கு நீ, "ரிசர்வ் பேங்க்கே செல்லும்னு சொல்லிக்கினு இருக்குது, உங்களுக்கு என்ன?" என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது எனக்குப் பாடம் எடுத்தாய். "உன் டீச்சர் வேலைய ஸ்கூலோட வச்சிக்கோ" என்று நானும் சொல்லிவிட்டேன். அதற்காகத் திண்டிவனம் போய் உன் ஸ்கூல் ஜெசிந்தா டீச்சர் வீட்டு மாடியில் குடியேறுவதா?

நியாயத்தைச் சொல். நோட்டில் ரிசர்வ் வங்கி கவர்னர் வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். நாணயத்தில் யார் கையெழுத்து இருக்கிறது? 1947-இல் காந்தியடிகள் அந்த வங்கியைத் தொடங்கியபோதே இதை யோசித்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் பூவரசன்


திண்டிவனம்
11.6.2025

திரு. பூவரசன் அவர்களுக்கு,

பதில் எழுதும் உத்தேசம் எனக்கு இல்லை. ஆனால் காந்தியடிகள் ரிசர்வ் வங்கியைத் தொடங்கினார் என்று படித்த பிறகு எந்த காமர்ஸ் டீச்சருக்கும் சோறு இறங்காது.

அது தொடங்கியது 1935 ஏப்ரலில், வெள்ளைக்காரர் ஆட்சியில். முதலில் தனியார் பங்குதாரர்கள் கையில் இருந்தது. தலைமையகம் கல்கத்தாவில் இருந்து, பிறகு பம்பாய்க்குப் போனது. 1949-இல்தான் அரசுடைமை ஆனது. கையெழுத்து, கையெழுத்து என்கிறீர்களே, முதல் கவர்னரின் கையெழுத்து ஒரு நோட்டில்கூட இல்லை. வங்கி தன் நோட்டை வெளியிடும் முன்பே அவர் பதவியை விட்டுப் போய்விட்டார். அதற்காக அவரை யாரும் செல்லாது என்று சொல்லவில்லை.

நாணயத்தை அடிப்பது மத்திய அரசு. அதைப் புழக்கத்தில் விடுவது ரிசர்வ் வங்கி. பத்து ரூபாய் நாணயம் எந்த வடிவத்தில் இருந்தாலும் செல்லும் என்று அந்த வங்கி அறிவித்து வருஷக்கணக்கில் ஆகிறது. செல்லாதது உங்கள் அட்டைதான்.

பதில் போட வேண்டாம்.

கலைப்பிரியா, எம்.காம்., பி.எட்.


விழுப்புரம்
16.6.2025

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

அட்டையைக் கழற்றிவிட்டேன். இனி நடப்பதற்கெல்லாம் நீதான் பொறுப்பு.

ஊர் முழுக்கச் செய்தி பரவி, அவரவர் வீட்டு உண்டியல் எல்லாம் நம் கல்லாவுக்கு வந்துவிட்டது. திருவெண்ணெய்நல்லூர் பஸ் கண்டக்டர் ஒரு சோப்புக்கட்டி வாங்க ஒரு பை நாணயத்தோடு வந்தார். "டவுன்லயே நீ ஒத்தன்தான் வாங்குறன்னு பஸ்ஸே பேசிக்கினு வருதுப்பா" என்றார். அதை நான் சரக்கு எடுக்கும் மொத்தக்கடை விருத்தாசலம் அண்ணனிடம் கொண்டுபோனால், "இந்த பேஜாரே எனக்கு வேணாம்" என்று கதவைச் சாத்தாத குறை.

கடைசியில் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனேன். காசாளர் மூட்டையைப் பார்த்ததும் சாப்பாட்டு நேரம் என்றார். அப்போது காலை பத்தரை மணி. "சார், ரிசர்வ் பேங்க் வாங்கச் சொல்லிக்குதுங்க. அது உங்க பேங்க்குக்கே பேங்க்குங்க" என்றேன். மூட்டையை இழுத்து வைத்து எண்ண ஆரம்பித்தார்.

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே புரியவில்லை. வங்கிக்கே வங்கி என்றால், நமக்கு விருத்தாசலம் அண்ணன் மாதிரியா? இன்னொன்று. நோட்டை அதுதானே வெளியிடுகிறது? நிறைய அடித்து வீட்டுக்கு ஒரு கட்டுக் கொடுத்தால் எல்லார் கஷ்டமும் தீருமே, ஏன் செய்வதில்லை?

உன் பூவரசன்


திண்டிவனம்
19.6.2025

அன்புள்ள பூவரசன் அவர்களுக்கு,

பதில் போட வேண்டாம் என்றேன். ஆனால் சந்தேகம் என்று ஒருவர் கேட்டால் சொல்லாமல் இருக்க முடிவதில்லை. அது என் வியாதி.

விருத்தாசலம் அண்ணன் உவமை பாதி சரி. வங்கிகளுக்குப் பணத் தட்டுப்பாடு வந்தால் ரிசர்வ் வங்கி கடன் கொடுக்கும், அதுவரை அண்ணன் மாதிரிதான். ஆனால் அவை தப்புச் செய்தால் அதட்டும். வட்டியைக் கூட்டியும் குறைத்தும் விலைவாசியை ஓடவிடாமல் பிடித்து வைக்கும். இதையெல்லாம் விருத்தாசலம் அண்ணன் செய்யமாட்டார்.

வீட்டுக்கு ஒரு கட்டு நோட்டா? நம் கடையில் பத்து மூட்டை அரிசி இருக்கிறது. தெருவில் எல்லார் கையிலும் கட்டுக்கட்டாகப் பணம் வந்துவிட்டால் அது பதினொரு மூட்டை ஆகிவிடுமா? விலைதான் ஏறும். நீங்களே ஏற்றுவீர்கள்.

காசாளர் கதையை ஆசிரியர் அறையில் சொன்னேன். ஜெசிந்தா அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தாள். அவள் புடவை பாழ்.

அப்பாவை நேரில் போய்ப் பாருங்கள்.

கலைப்பிரியா


விழுப்புரம்
22.6.2025

அன்புள்ள பிரியா,

'நம் கடை' என்று எழுதியிருக்கிறாய். பார்த்தேன்.

இன்று அனந்தபுரம் போனேன். மாமா டீக்கடையில் நல்ல கூட்டம். "வாங்க மாப்ள" என்று பெஞ்சில் உட்காரவைத்து டீ கொடுத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது, சந்தைக்கு வந்த ஒருவர் டீ குடித்துவிட்டுப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினார். மாமா அதைத் தொடக்கூட இல்லை.

"ஐயே, இது செல்லாதுபா. நோட்டு இருந்தா குடு."

அதன் பிறகுதான் நான் உட்கார்ந்திருப்பது அவருக்கு நினைவு வந்தது. அவசரமாக அடுப்பைத் துடைக்க ஆரம்பித்தார். எரிகிற அடுப்பை.

"அப்ப அன்னிக்கி எங்க கடையில கொட்டினது இன்னா மாமா?"

"இங்க எவனும் வாங்க மாட்டேங்கிறான் மாப்ள. கல்லாவுல தேங்கிப் போச்சு. பாப்பா டீச்சராச்சே, அது ஒரு வார்த்தை சொன்னா நீங்க வாங்கிக்குவீங்கன்னு எடுத்துக்கினு வந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்துவிட்டது. "பாப்பாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால்தான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

மாமா பக்கம் தப்பு என்பதால் என் பக்கம் சரியாகிவிடாது. அத்தனை பேர் முன்னால் உன்னைப் பள்ளிக்கூடத்தோடு இருக்கச் சொன்னது நான்தான்.

ரிசர்வ் வங்கி வட்டியைக் குறைத்ததாகப் பேப்பரில் போட்டிருந்தது. நம் கடைக் கடனுக்கு எப்போது குறையும்?

உன் பூவரசன்


திண்டிவனம்
25.6.2025

என்னங்க,

அப்பாவுக்குப் போன் போட்டேன். "டவர் இல்லம்மா, ஒண்ணுமே கேக்கல" என்று கணீரென்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவரை அப்புறம் கவனித்துக்கொள்கிறேன்.

நான் இங்கே வந்தது அப்பாவுக்காகவும் இல்லை, நாணயத்துக்காகவும் இல்லை. "சோறு ஆச்சா", "சாவி எங்க" என்பதைத் தவிர ஆறு வருஷத்தில் நீங்கள் என்னிடம் எதையுமே கேட்டதில்லை. நான் படித்தவள் என்பதே உங்களுக்கு மறந்துபோய்விட்டது என்று நினைத்திருந்தேன். இந்த மாதம்தான் கேட்கிறீர்கள். தபால்காரர் வரும் நேரத்துக்கு நான் ஜன்னல் பக்கமாக நின்றே பாடம் நடத்துகிறேன். பிள்ளைகள் கண்டுபிடித்துவிட்டார்கள்.

வட்டி விஷயம். ரிசர்வ் வங்கி குறைத்த மறுநாளே எல்லாக் கடனுக்கும் குறைந்துவிடாது. நாம் கடன் வாங்கியபோது என்ன நிபந்தனை போட்டார்கள் என்று பத்திரத்தைப் பார்த்தால்தான் சொல்ல முடியும். பத்திரம் வீட்டில் இருக்கிறது. நானும் வீட்டில் இருந்தால்தான் பார்க்கலாம்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பஸ் ஏறுகிறேன். பெட்டி கனம், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுங்கள். திங்கள் முதல் பழையபடி வீட்டிலிருந்தே வேலைக்குப் போய்வருகிறேன்.

அதற்குள் நாலு கேள்வி யோசித்து வையுங்கள். சமையல்கட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்து நிதானமாகப் பதில் சொல்கிறேன். வெண்டைக்காய் நறுக்குவது நீங்கள்.

உங்கள்
பிரியா