காகிதக் காலுக்கு வாங்கிய ஷூ

தை 6, செவ்வாய்

காலையில் பனி. விசைத்தறிக் கொட்டகைத் தரை சில்லிட்டு, வெறுங்கால் விறைத்துப்போனது.

நேற்று திருப்பதியிலிருந்து சம்பந்தி வந்தார். காபி குடித்துவிட்டு, என் காலைப் பார்த்தபடி சொன்னார்: "பாவா, ரிசெப்ஷனுக்குப் பெரிய மனுசங்க வருவாங்க. ஷூ போட்டுக்கினு மேடை ஏறுங்க. இல்லன்னா சமையல்காரன்னு நெனச்சுக்குவாங்க." எல்லோரும் சிரித்தார்கள். என் மகள் கோமதி மட்டும் சிரிக்கவில்லை.

அவளுக்கு வரன் தட்டிக்கொண்டே போனபோது நாராயணவனம் கோயிலில் வேண்டிக்கொண்டேன். தாலி ஏறும்வரை என் காலில் எதுவும் போடுவதில்லை என்று. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் சொன்னார்.

தாலி காலையில், அதே கோயிலில். ரிசெப்ஷன் சாயங்காலம், திருப்பதியில். ஷூ போட்டுத்தான் அந்த மேடை ஏறுவேன். இல்லாவிட்டால் ஏறமாட்டேன்.

தை 7, புதன்

நகரி பஜார். கடைக்காரன்: "போட்டுப் பாக்காம எப்டி பெரியவரே? நாளிக்கு வந்து சண்ட போடுவ." தாலி ஏறுமுன் காலை உள்ளே விடமுடியாது என்றேன். "அப்போ ஏறனப்புறம் வா."

வந்துவிட்டேன். ஆன்லைனில் யாரும் போட்டுப் பார்க்கச் சொல்வதில்லை.

காலண்டர் தாளின் பின்பக்கம் நின்றேன். கோமதி பென்சிலால் சுற்றி வரைந்தாள். கூச்சம். அளந்து பார்த்து எட்டு என்றாள். கறுப்பு, நாடா வைத்தது. ஆர்டர் போட்டதும் அவள்தான். செல்லில் எல்லாம் இங்கிலீஷ், தெலுங்கு. நானே எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழுக்கு அங்கே இடமில்லை.

தை 12, திங்கள்

மேகமூட்டம். எட்டு வந்தது. வரைந்த காலை வெட்டி உள்ளே விட்டேன். நுனி மடங்கியது. திருப்பி அனுப்பியாயிற்று. இனி ஒன்பது.

பேண்ட் தைக்கக் கொடுத்தது. பூக்காரியிடம் சொல்ல வேண்டும். பல்வலி.

தை 17, சனி

ஒன்பது வந்தது. காகிதம் அழகாக உட்கார்ந்தது. கோமதி விடவில்லை.

"ஒரே ஒரு தபா கால உட்டுப் பாரு நைனா. சாமி கோச்சுக்காது."

"சாமிகிட்ட சொன்னது நானு. நீ இல்ல."

"திங்கக்கெழமைக்கு மேல மாத்தமாட்டாங்க நைனா."

"காயிதத்துக்கு சரியா கீது. போதும்."

"காயிதமா மேடையில நிக்கப்போவுது?"

பெட்டியை மூடி அலமாரியில் வைத்தேன்.

தை 23, வெள்ளி

வெயில். வீடு காலி.

நேற்று தாலி ஏறியது. கண்ணால் பார்த்தேன். அதுவரை எல்லாம் சரி.

திருப்பதி மண்டபத்து அறையில் காலை விட்டேன். பாதிதான் போனது. மேல்பாதம் இடித்தது. காகிதத்துக்குக் கனம் கிடையாது. இந்த வயதில் இது தெரியவில்லை. நாடாவை உருவினேன். தேங்காய் எண்ணெய் தடவினேன். பின்பக்கத்தை மிதித்துப் பார்த்தேன். ஏறவில்லை.

கோமதி நகையோடு கதவில் வந்து நின்றாள். "வெறுங்காலோட வா நைனா. எவன் கேக்கறான்னு நான் பாக்கறேன்."

"நீ போம்மா. வரேன்."

மேடைக்குப் போகவில்லை. பந்தி ஓரமாக நின்றேன். பெண்ணின் தகப்பனார் மேடைக்கு வரவும் என்று மைக்கில் தெலுங்கில் கூப்பிட்டார்கள். திரும்பத் திரும்ப. சம்பந்தியின் குரல்தான்.

முன்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் என் காலைப் பார்த்தார். இலையைக் காட்டினார். "பெரியவரே, இங்க கொஞ்சம் சாம்பார்."

வாளியை எடுத்து ஊற்றினேன்.