‘ஏன்?’ என்று ஒரு கட்டம்

டீச்சர்,

இன்று மத்தியானம் திருமயத்தில் சரக்கை இறக்கிவிட்டு டீக்கடையில் நின்றேன். டிவியில் டாஸ் முடிந்து இரு அணிகளின் பட்டியல் ஓடியது. நீங்கள் கண்மூடி எட்டு மாதமாகிறது. இன்னமும் பதினொரு பெயர்களை வரிசையாகப் பார்த்தால் உங்கள் ஐந்தாம் வகுப்புதான் கண்ணுக்குள் வருகிறது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் உங்களோடு சண்டை போடத்தான் அங்கே வந்தேன். அப்போது உங்கள் வகுப்பில் படித்த என் மகள் கயல், கணக்கு நோட்டில் கிரிக்கெட் வீராங்கனைகளின் பெயர்களை எழுதிப் புள்ளி போட்டு வைத்திருந்தாள். கேட்டதற்கு, “டீச்சர் சொன்ன வெளையாட்டுப்பா. நாமளே டீம் எடுக்கணும். நெச மேட்ச்ல அவங்க ஆடுறதுக்கு நமக்கு பாயின்ட்” என்றாள். அதே விளையாட்டைத்தான் வீட்டுக்குத் தெரியாமல் செல்போனில் பணம் கட்டி ஆடிக்கொண்டிருந்தேன்.

வகுப்பு வாசலில் நின்று, “பிள்ளைகளுக்குச் சூதாட்டமா சொல்லித் தர்றீங்க?” என்று கத்தினேன். நீங்கள் கோபப்படவில்லை. “இங்கிட்டு வந்து ஒக்காருங்கண்ணே. நீங்களும் ஒரு டீம் எடுங்க” என்று தாளும் பென்சிலும் கொடுத்தீர்கள்.

மளமளவென்று எழுதினேன். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று ஒரு கட்டம் இருந்தது. அந்தக் கட்டங்களை அப்படியே விட்டுவிட்டேன். நீங்கள் கேட்டதற்கு, “மனசுல தோணுச்சு” என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். கயல் மட்டும் சிரிக்காமல் தன் தாளை என் பக்கம் நகர்த்தினாள். ‘கடைசி ஐந்து மேட்ச்சில் சராசரி 31’ என்று ஒரு கட்டத்தில் இருந்தது. அவளுக்கு ரொம்பப் பிடித்த வீராங்கனையின் பெயரே அதில் இல்லை. “பிடிக்கும்பா. ஆனா இப்ப ஃபார்ம்ல இல்லையே” என்றாள்.

மேட்ச் முடிந்த மறுநாள் மறுபடியும் வரச் சொன்னீர்கள். நன்றாக யோசித்து எடுத்த பிள்ளைகளின் கணிப்பும் பாதிக்கு மேல் தவறியிருந்தது. “இவ்வளவு பாத்து எடுத்தும் ஏன் தப்பாச்சு?” என்று கேட்டீர்கள். மழை வந்தது, கேட்ச் நழுவியது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். “அப்ப, எல்லாம் தெரிஞ்சவங்களும் தோக்கலாம். அதனாலதான் நாம வெறும் பாயின்டுக்கு மட்டும் ஆடுறோம்” என்றீர்கள். அதைச் சொன்னபோது நீங்கள் என் பக்கம் திரும்பவேயில்லை. தெரிந்துதான் திரும்பாமல் இருந்தீர்கள் என்று இன்றும் நம்புகிறேன்.

பிள்ளைகள் போனபின் உங்களிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். “எங்கிட்ட எதுக்குண்ணே? வீட்ல சொல்லுங்க” என்றீர்கள். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலமே மனைவியிடம் சொல்லி, அவள் கண்ணெதிரே அந்த விளையாட்டைச் செல்போனிலிருந்து அழித்தேன். இரண்டு நாள் அவள் முகம்கொடுத்துப் பேசவில்லை. பிறகு பேசினாள்.

இந்த ஆண்டு கயல் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போது, எந்தப் பிரிவு எடுப்பது என்று எங்களுக்குள் தகராறு. நான் சொன்னதைத்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு வாரம் முறுக்கிக்கொண்டு திரிந்தேன். அவள் பொறுமையாகத் தன் பக்கத்தைச் சொல்லி முடித்ததும், “நான் நெனச்சது தப்பு தாயி” என்றேன்.

என் அப்பா என்னிடம் ஒருநாளும் சொல்லாத சொல் அது. பிள்ளைகளோடு பிள்ளையாக உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்காவிட்டால், எனக்கும் அது வாயில் வந்திருக்காது.